உருளும் வீடு: அன்று ஒரு வருட வருமானம்... இன்று?

வீட்டையே வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றுவது அமெரிக்கர்களின் நூறாண்டு ஆசை. 1910-லேயே பியர்ஸ்-ஏரோ நிறுவனம் அப்படியொரு காரைக் காட்சிக்கு வைத்தது. பின்சீட்டை விரித்தால் படுக்கை. டிரைவரிடம் பேச டெலிபோன்! ஆனால், அது பணக்காரர்களுக்கான கார்.

அந்த ஆசையை நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டவைத்தது, அயோவா மாநிலத்தின் ஃபாரஸ்ட் சிட்டி என்ற சிற்றூர். 1966-ல் அங்கே வின்னபேகோ நிறுவனம் மோட்டார் ஹோம்களை அசெம்பிளி லைனில் தயாரிக்கத் தொடங்கியது. போட்டி நிறுவனங்களின் விலையில் ஏறக்குறைய பாதிதான். சின்ன மாடல் சுமார் 5,000 டாலர். அப்போது ஒரு நடுத்தரக் குடும்பத்தின் ஆண்டு வருமானமே 7,000 டாலருக்கு மேல்!

1973-ல் வந்த எண்ணெய் நெருக்கடி இந்தச் சந்தோஷத்துக்கு பிரேக் போட்டது. பெட்ரோலை அதிகம் குடிக்கும் வண்டிகளின் விற்பனை சரிந்தது.

பிறகு வசதிகள் கூடின. 1990-ல் நியூமார் நிறுவனம் 'ஸ்லைடு அவுட்' முறையை மோட்டார் ஹோமுக்குக் கொண்டுவந்தது. வண்டியை நிறுத்தியதும் பக்கச் சுவர் வெளியே நகரும்; அறை அகலமாகும். அடுத்து வாஷிங் மெஷின், சோலார் பேனல், லித்தியம் பேட்டரி என வரிசைகட்டின.

கூடவே விலையும் ஏறியது. இன்று வேன் அளவிலான புதிய மோட்டார் ஹோம்கள் பலவும் 1 லட்சம் டாலரைத் தாண்டுகின்றன. பஸ் அளவிலான டீசல் வண்டி என்றால் 3 லட்சத்துக்கும் மேல். நடுத்தரக் குடும்பத்தின் ஆண்டு வருமானமோ சுமார் 80,000 டாலர்தான்.

அதனால்தான் பலர் 15, 20 வருடக் கடனில் வாங்குகிறார்கள். மற்றவர்கள் பழைய வண்டியைத் தேடுகிறார்கள். அல்லது விடுமுறைக்கு மட்டும் வாடகைக்கு எடுக்கிறார்கள். சக்கரம் வைத்த வீட்டுக்கும் இப்போது மாதத் தவணை உண்டு!