நாய் மேல் நாற்றமா? மருந்துப் போத்தலைத் தொடாதீர்கள்!



இந்தப் பகுதியில் வழக்கமாகச் சம்பளம், போனஸ், ஒழுகுகிற கூரை, ஆயாக் கொட்டகை என்றுதான் பேசுவோம். இந்த வாரம் ஒரு நாயைப் பற்றி எழுதப் போகிறேன். "சங்கத்துக்காரனுக்கு வேற வேலை இல்லையா?" என்று சிரிக்க வேண்டாம். கடைசி வரை படித்துவிட்டு அப்புறம் சிரியுங்கள்.

போன மாதம் பேராக்கில் ஒரு செம்பனைத் தோட்டத்துக்குக் கூட்டத்திற்குப் போயிருந்தேன். சாயங்காலம் லயத்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். தேத்தண்ணி வந்தது. கூடவே ஒரு நாற்றமும் வந்தது பாருங்கள், குடலைப் பிடுங்கிக் கொண்டு வந்தது. ஆளாளுக்கு மூக்கைப் பொத்திக் கொண்டு எழுந்துவிட்டார்கள்.

வந்தது ஒரு கறுப்பு நாய். பேர் மணி. உதிரிப் பழம் பொறுக்கும் ஓர் அக்காவின் நாய். காட்டோரத்து நிரையில் காட்டுப்பன்றி ஒன்று செத்து அழுகிக் கிடந்திருக்கிறது. மணி அதன் மேல் படுத்துப் புரண்டு, முதுகு கழுத்தெல்லாம் பூசிக் கொண்டு, பெரிய வேலை செய்து முடித்தவன் மாதிரி வாலை ஆட்டிக் கொண்டு வந்து நின்றது.

"இத லோரியில ஏத்தி எங்கியாச்சும் கொண்டு போயி வுட்டுட்டு வாங்க" என்றார் ஒருவர். அக்கா கண் கலங்கிவிட்டார். "அண்ணே, ரெண்டு தடவ பாம்புகிட்டேருந்து என்னயக் காப்பாத்தின நாயிண்ணே. இது கொலைச்சுதான் நான் நின்னேன். இல்லேன்னா இன்னிக்கு நான் ஏது?" என்றார்.

எலி இருக்கும் செம்பனையில் நாகம் இருக்கும் என்பது நமக்குத் தெரியும். குனிந்து பழம் பொறுக்குகிறவருக்கு முன்னால் போகும் நாய் வெறும் நாய் இல்லை. அது பாதி கண், பாதி காது.

அதற்குள் அக்காவின் மகன், பதினான்கு வயதுப் பையன், வீட்டுப் பின்பக்கம் ஓடிப்போய் ஒரு போத்தலை எடுத்து வந்தான். குளிர்பானப் போத்தல். உள்ளே பழுப்பு நிறத்தில் ஏதோ தண்ணீர். "பூச்சி மருந்துண்ணே. இத ஊத்திக் குளிப்பாட்டுனா நாத்தமும் போயிடும், உண்ணியும் போயிடும்" என்றான்.

எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது. "தம்பி, அந்தப் போத்தல கீழ வையிப்பா! மொதல்ல கீழ வையி!" என்று நான் போட்ட சத்தத்தில் பையன் பயந்துவிட்டான். நான் ஏன் அப்படிக் கத்தினேன் என்று சொல்கிறேன்.

1989-ஆம் ஆண்டு. எனக்குப் பத்து வயது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நாலாம் வகுப்பு. எங்கள் வீட்டு நாய் வீரன் இதே மாதிரி எதிலோ புரண்டு நாறிக் கொண்டு வந்தது. அப்பா மருந்து அடிக்கிற வேலையில் இருந்தார். மிச்சப்பட்ட பூச்சி மருந்தைக் கொஞ்சம் வீட்டில் வைத்திருந்தார். அந்தக் காலத்தில் யாரும் அதைத் தப்பு என்று சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு வாளித் தண்ணீரில் அதைக் கலந்து, நான் வெறுங்கையால் வீரனைத் தேய்த்துக் குளிப்பாட்டினேன். ஒரு மணி நேரத்தில் அதற்கு வாயில் நுரை தள்ளியது. கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. பொழுது சாயும் முன்னே போய்விட்டது. அதைப் புதைக்கக் குழி தோண்டும்போது எனக்கு வாந்தி. வியர்வை கொட்டியது. கை நடுங்கியது. அம்மா என்னைத் தூக்கிக் கொண்டு ஓடினாள். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அப்பா அதற்குப் பிறகு சாகும் வரை அந்த நாளைப் பற்றிப் பேசவே இல்லை.

ஆகவே தோழர்களே, நாய் நாற்றம் என்பது சின்ன விஷயம்தான். ஆனால் அதைப் போக்குகிறேன் என்று நாம் எடுக்கிற பொருள் சின்ன விஷயம் இல்லை.

சரி, இந்த நாற்றம் ஏன் சோப்புக்குப் போவதில்லை?

செத்த உடம்பு அழுகும்போது இரண்டு வகைப் பொருள்கள் உண்டாகின்றன. ஒன்று, கந்தகம் கலந்தவை. 'தயோல்' என்பார்கள். இன்னொன்று 'அமின்'. மீன் கவிச்சி அமின் வகைதான். மீன் ஆய்ந்த கையில் எலுமிச்சம்பழம் தேய்த்தால் கவிச்சி போகிறதே, அது புளிப்பு போய் அமினைக் கட்டிப் போடுவதால். தயோல் அப்படி எளிதில் போகாது. நாயின் தோலில் இருக்கும் எண்ணெயோடு ஒட்டிக் கொண்டுவிடும். துளியூண்டு இருந்தாலும் மூக்கு கண்டுபிடித்துவிடும். அதனால்தான் வாசனை இல்லாத சமையல் கேஸில் இந்தக் குடும்பத்துப் பொருளைக் கொஞ்சம் கலந்து விற்கிறார்கள். கேஸ் கசிந்தால் உடனே நமக்குத் தெரிய வேண்டும் அல்லவா? நாம் அடித்துப் பிடித்துத் தின்னும் டுரியானிலும் இதே குடும்பத்து வாசம் இருக்கிறது. சொந்தக்காரர்களில் நல்லவரும் உண்டு, பொல்லாதவரும் உண்டு!

இந்த நாற்றத்தையே ஆயுதமாக வைத்திருக்கும் பிராணி ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. பெயர் ஸ்கங்க். பூனை அளவு, கறுப்பு உடம்பு, முதுகில் வெள்ளைக் கோடு. எதிரி வந்தால் முன்னங்காலால் தரையைத் தட்டும், வாலைத் தூக்கும். அப்படியும் எதிரி விலகவில்லை என்றால் வாலடியில் உள்ள சுரப்பியிலிருந்து மஞ்சள் எண்ணெயைப் பீய்ச்சும். மூன்று மீட்டர் தூரத்துக்குக் குறி தப்பாது. அதில் இருப்பதும் தயோல்தான். இன்னொரு வகைப் பொருளும் சேர்ந்திருக்கிறது. அது ஈரம் பட்டால் மெதுவாகத் தயோலாக மாறும். அதனால் நாயைக் கழுவிப் பல நாள் கழித்தும், மழையில் நனைந்தால் மறுபடியும் நாறும். நம் நாட்டிலும் ஸ்கங்க்குக்கு ஓர் உறவு உண்டு. சபாவில் இருக்கும் தெலெடு. அதுவும் பின்பக்கத்திலிருந்து நாற்றத்தைப் பீய்ச்சும்.

அமெரிக்கர்கள் என்ன செய்தார்கள்? ரொம்ப காலம் தக்காளிச் சாற்றை வாளி வாளியாக ஊற்றி நாயைக் குளிப்பாட்டினார்கள். நாற்றம் போன மாதிரி இருக்கும், ஆனால் போகாது. மூக்குதான் மரத்துப் போகும். கட்டிப்பால் ஏற்றும் நம் தோழர்களைக் கேளுங்கள். முதல் பத்து நிமிடம்தான் நாறும், அப்புறம் தெரியாது. வேலை முடிந்து பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் இருப்பவர் எழுந்து போவார். அப்போதுதான் நமக்கு நினைவு வரும். அதே கதைதான்.

பிறகு 1993-இல் ஒரு வழி பிறந்தது. இல்லினோய் மாநிலத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்த பால் கிரெபாம் என்ற இரசாயன வல்லுநர், தம்முடைய வேலையில் கந்தக நாற்றத்தைப் போக்க ஹைட்ரஜன் பெராக்சைடு பயன்படுத்தி வந்தார். உடன் வேலை செய்த ஒருவரின் பூனை மேல் ஸ்கங்க் பீய்ச்சிவிட்டது. அதற்கு ஏற்ற மாதிரி, உடம்பில் பூசக்கூடிய ஒரு கலவையைச் சொல்லிக் கொடுத்தார். நாற்றம் போய்விட்டது. அந்தக் கலவை அமெரிக்க இரசாயனச் சங்கத்தின் வார இதழில் வெளிவந்து ஊரெல்லாம் பரவியது. அவர் அதை விற்றுப் பணக்காரர் ஆகவில்லை. காரணம் இருக்கிறது. கலந்தவுடன் அதிலிருந்து பிராணவாயு கிளம்பிக் கொண்டே இருக்கும். போத்தலில் அடைத்து மூடினால் வெடித்துவிடும். ஆகவே கடையில் வைத்து விற்க முடியாது. அவரவர் வீட்டில் அவ்வப்போது கலந்து கொள்ள வேண்டியதுதான். அழுகல் நாற்றத்திலும் தயோலும் அமினும் இருப்பதால் அதற்கும் இந்தக் கலவை கேட்கும்.

செய்முறை இதுதான். வெட்டி எடுத்து அடுப்படியில் ஒட்டி வையுங்கள்:

மருந்துக்கடையில் புண் கழுவ விற்கும் 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடு 1 லிட்டர். போத்தலில் 6 விழுக்காடு என்று எழுதியிருந்தால் அரை லிட்டர் எடுத்து அரை லிட்டர் தண்ணீர் சேர்க்க வேண்டும். முடிக்குச் சாயம் போடுவதற்கு விற்கும் கடுமையான சரக்கு வேண்டாம். சோடா மாவு கால் கப். பாத்திரம் கழுவும் சோப்பு நீர் 1 அல்லது 2 தேக்கரண்டி. சின்ன நாய் என்றால் எல்லாவற்றிலும் பாதி போதும்.

முதலில் கையுறை போட்டுக் கொள்ளுங்கள். நாய் மேல் ஒட்டியிருக்கும் அழுக்கைப் பழைய பேப்பரால் துடைத்து எடுங்கள். பிறகு திறந்த பிளாஸ்டிக் வாளியில் மூன்றையும் கலந்து, நுரைத்துக் கொண்டிருக்கும்போதே நாயின் மேல் பூசி, முடிக்குள் விரலை விட்டுத் தோல் வரை தேயுங்கள். முகத்துக்கு மட்டும் ஊற்றாதீர்கள். துணியில் நனைத்து, கண், வாய், மூக்கு படாமல் துடைக்க வேண்டும். ஐந்து நிமிடம் விடுங்கள். நாய் நக்காமல் ஒருவர் பிடித்துக் கொள்ளட்டும். பிறகு நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். இன்னும் நாறினால் புதிதாகக் கலந்து இன்னொரு தடவை. புண் இருக்கும் இடத்தில் போட வேண்டாம். கறுப்பு முடி கொஞ்சம் செம்பட்டையாகலாம், உங்கள் சட்டையும் வெளுக்கலாம், பரவாயில்லை. மிச்சத்தை எடுத்து வைக்கக் கூடாது. தண்ணீர் கலந்து கால்வாயில் ஊற்றிவிடுங்கள்.

இதில் மூன்று பொருளுக்கும் மூன்று வேலை. சோப்பு எண்ணெயைக் கிளப்புகிறது. பெராக்சைடில் உள்ள பிராணவாயு தயோலைப் பிடித்து, நாறாத வேறு பொருளாக மாற்றுகிறது. சோடா மாவு அந்த வேலையைத் துரிதப்படுத்துகிறது. நாற்றத்தை மூடி மறைப்பதில்லை, மாற்றியே விடுகிறது.

செய்யக் கூடாததையும் சொல்லிவிடுகிறேன். மண்ணெண்ணெய் வேண்டாம். தோல் வெந்துவிடும். நாய் நக்கினால் நுரையீரலுக்குப் போய்ச் சாகவும் கூடும். துணி வெளுக்கும் குளோரின் நீர் வேண்டாம். எலுமிச்சையை நம் கையோடு வைத்துக் கொள்வோம், நாயின் தோலுக்கு அது எரிச்சல். தோட்டத்து மருந்து எதுவுமே வேண்டாம், ஒரு மூடி கூட வேண்டாம்.

இன்னொன்று. நாய் ஏதாவது பிராணியோடு சண்டை போட்டுக் கடிபட்டு வந்திருந்தால், நாற்றத்தைவிட அந்தக் காயத்தைக் கவனியுங்கள். 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் வெறிநாய் நோய் தலைகாட்டியது. 2017 முதல் சரவாக்கில் பல உயிர்களைக் கொண்டு போனது. உங்களை எந்த நாயாவது கடித்தால், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள் பூசிக் கொண்டு வீட்டில் உட்காரக் கூடாது.

இனி, அந்தப் போத்தலுக்கு வருகிறேன். பூச்சி மருந்து எப்படி லயத்துக்கு வந்தது? யாரோ ஒருவர் கொண்டு வந்தார், சரி. ஸ்டோருக்குப் பூட்டு இருந்ததா? மிச்சமாகும் மருந்துக்குக் கணக்கு இருந்ததா? மருந்து அடிப்பவர் குளித்துத் துணி மாற்ற இடம் இருந்ததா? 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் தொழிலாளியின் பாதுகாப்பை முதலாளியின் பொறுப்பாக வைத்திருக்கிறது. அபாய இரசாயனங்களுக்கென்றே 2000-ஆம் ஆண்டில் தனி விதிமுறைகள் வந்தன. மருந்தைப் பற்றிச் சொல்லிக் கொடுக்க வேண்டும், பாதுகாப்பு உடை தர வேண்டும் என்று கேட்பது சலுகை இல்லை, உரிமை. அதே சமயம், பெயர்ச்சீட்டு இல்லாத போத்தலில் மருந்து ஊற்றிக் குழந்தைகள் புழங்கும் வீட்டில் வைப்பது நம் தப்பு. பாராகுவாட் களைக்கொல்லியை 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடை செய்துவிட்டார்கள். ஒரு வாய் குடித்தாலே உயிர் போகும், அதற்கு மாற்று மருந்து கிடையாது. பழைய போத்தல் எங்காவது கிடந்தால் இன்றைக்கே ஆபீசில் ஒப்படையுங்கள். குப்பையிலோ ஆற்றிலோ போட வேண்டாம்.

மணி என்ன ஆனது என்று கேட்கிறீர்களா? பையனை மோட்டாரில் ஏற்றிக் கொண்டு டவுனுக்குப் போனேன். மருந்துக்கடையில் பெராக்சைடு, பக்கத்துக் கடையில் சோடா மாவு. திரும்பி வந்து அவனையே குளிப்பாட்டச் சொன்னேன். இரண்டு தடவை போட்டோம். முதுகில் கொஞ்சம் செம்பட்டை அடித்தது, அவ்வளவுதான். லோரியில் ஏற்றச் சொன்னவரே கிட்டே வந்து மோந்து பார்த்துவிட்டு, "இப்ப என்னயவிட இது மணக்குது!" என்றார்.

அந்தக் குளிர்பானப் போத்தலை மறுநாள் காலை பெரட்டில் அக்காவே கிராணி கையில் கொடுத்தார். அதைப் பார்த்து இன்னும் நான்கு வீட்டிலிருந்து நான்கு போத்தல்கள் வந்தன. ஒரு லயத்தில் ஐந்து போத்தல் என்றால், உங்கள் லயத்தில் எத்தனை? இன்று சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் வீட்டுப் பின்பக்கம் ஒரு முறை போய்ப் பாருங்கள் தோழர்களே. பார்த்துவிட்டு எழுதுங்கள்.