0.5 என்ற எல்லைக்கோடு

சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு வேலை மாறி வரும் குடும்பங்கள், சிராங்கூன் சாலைப் பக்கம் வாடகை வீடு தேடுவதற்கு முன்பே வளர்ப்பு நாயின் ஆவணங்களைத் திரட்டத் தொடங்குவது நல்லது. ரேபிஸ் தடுப்பூசி போட்ட அட்டை மட்டும் போதாது. அந்த ஊசி உடலில் வேலை செய்ததா என்பதற்கு ரத்தப் பரிசோதனைச் சான்றும் வேண்டும். ஒரு மில்லிலிட்டர் சீரத்தில் குறைந்தது 0.5 சர்வதேச அலகு எதிர்ப்பொருள் இருக்க வேண்டும். 1953 முதல் ரேபிஸ் இல்லாத தீவு இது. 2008இல் பாலியிலும் 2017இல் சரவாக்கிலும் நோய் புகுந்ததைப் பார்த்தபின், இந்தக் கண்டிப்பைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஊசியில் இருப்பது செயலிழக்கச் செய்யப்பட்ட வைரஸ். அதன் மேலுறையில் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும் புரதத்தை நோயெதிர்ப்பு அணுக்கள் நிணநீர் முடிச்சுக்கு எடுத்துச் செல்கின்றன. அங்கே டி அணுக்களின் துணையோடு பி அணுக்கள் பெருகி, அந்த முள்ளைப் பற்றி முடக்கும் எதிர்ப்பொருள்களைச் சுரக்கின்றன. இவை கடிபடுவதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். வைரஸ் நரம்புக்குள் நுழைந்துவிட்டால், ரத்தத்தில் ஓடும் எதிர்ப்பொருளுக்கு அது எளிதில் அகப்படாது.

முதல் ஊசிக்குப் பிறகு நான்கு முதல் ஆறு வாரங்களில் எதிர்ப்பொருள் உச்சத்தைத் தொட்டு, பின்பு இறங்கும். தாமதமாக ரத்தம் எடுத்தால் ஆரோக்கியமான நாயும் தோற்கலாம். அதற்காக அந்த நாய்க்குப் பாதுகாப்பே இல்லை என்று பதற வேண்டாம். நினைவணுக்கள் உடலில் தங்கியிருக்கும், அடுத்த ஊசிக்கு வேகமாக விழித்துக்கொள்ளும். இரண்டாவது தவணை போட்டபின் ரத்தம் கொடுப்பதே நல்லது என்பேன்.

பிரிட்டனில் ஆயிரக்கணக்கான நாய்களின் பரிசோதனை முடிவுகளை அலசிய 2007ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, ஒரு வயதுக்குட்பட்ட நாய்களும் பெரிய உடல்வாகுள்ள இனங்களும் 0.5ஐத் தொடாமல் போவது அதிகம் என்று காட்டியது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் பெரும்பாலும் சிறிய இனங்களுக்கே அனுமதி என்பதால், அங்கே வரும் நாய்களுக்கு இது ஓரளவு சாதகம். தனிவீட்டுக்கு ராஜபாளையம் நாயைக் கொண்டுவர நினைப்பவர்கள் மறுபரிசோதனைக்கும் சேர்த்து நாள் ஒதுக்கிக்கொள்ளட்டும்.

0.5ஐத் தாண்டிய சான்றாலும் ஒன்றைச் சொல்ல முடியாது: ஊசிக்கு முன்பே அந்த நாய் கடிபட்டிருந்ததா என்பதை. வைரஸ் அறிகுறியே காட்டாமல் வாரக்கணக்கில், சிலவேளை மாதக்கணக்கில் உடலுக்குள் ஒளிந்திருக்கும். அதனால்தான் இந்தியாவிலிருந்து வரும் நாய், சான்று இருந்தும், நேரே வீட்டுக்குப் போகாமல் முதலில் தனிமைக்காப்பு நிலையத்துக்குப் போகிறது.