கேஷுவாலிட்டியில் டாக்டர் கேட்கும் அந்தக் கேள்வி: மறைக்காமல் சொல்லுங்க

இரவு பதினொரு மணி. பைக்கில் இருந்து விழுந்தவரை 108 ஆம்புலன்ஸில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு வருகிறார்கள். காலில் எலும்பு முறிவு. டியூட்டி டாக்டர் சுகர், பிபி பற்றிக் கேட்டுவிட்டு, "குடிப்பழக்கம் இருக்கா? கடைசியா எப்போ குடிச்சார்?" என்கிறார். "அதெல்லாம் இல்லைங்க டாக்டர்" என்று மனைவி சட்டென்று சொல்லிவிடுகிறார். பக்கத்தில் மாமியார் நிற்கிறார். போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்ற பயம் வேறு. அந்த நேரத்தில் யாருக்கும் அப்படித்தான் சொல்லத் தோன்றும்.

சிக்கல் பெரும்பாலும் அன்று ராத்திரியே தெரியாது. தினமும் அதிகமாகக் குடித்து வந்தவர் வார்டில் படுத்ததும் குடி திடீரென்று நின்றுபோகிறது. ஆறு மணி நேரம் கழிந்ததும் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கலாம். முதல் 2 நாட்களுக்குள் வலிப்பு வரலாம். சிலருக்கு 2 முதல் 4 நாட்களுக்குள் புத்தி குழம்பிவிடும். இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவார்கள். டிரிப்ஸைப் பிடுங்கிப் போட்டு எழுந்து ஓடப் பார்ப்பார். 'டெலிரியம் ட்ரெமன்ஸ்' எனப்படும் இந்த நிலையைக் கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. "தலையில அடிபட்டதால இப்படி ஆயிட்டார்" என்று வீட்டார் பதறுவார்கள். குடிப்பழக்கம் பற்றி முதல் நாளே தெரிந்திருந்தால், உரிய மாத்திரைகளும் தயமின் என்ற வைட்டமின் பி1 ஊசியும் கொடுத்துப் பெருமளவு தடுத்திருக்கலாம்.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. வாயில் மது வாடை வந்தாலே "போதையில தூங்குறான், விடுங்க" என்று சொல்லிவிடுகிறோம். தலைக்குள் ரத்தக் கசிவோ, சர்க்கரை இறங்கியதோ கூட அந்தத் தூக்கத்துக்குக் காரணமாக இருக்கலாம். எவ்வளவு குடித்தார் என்று சரியாகச் சொன்னால்தான், மயக்கம் அந்த அளவுக்குப் பொருந்துகிறதா என்று டாக்டரால் யோசிக்க முடியும்.

சரி, என்னதான் கேட்பார்கள்? உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய 'ஆடிட்' என்ற 10 கேள்விப் பட்டியல் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. அவசரத்தில் அதன் முதல் 3 கேள்விகளே போதும்: எத்தனை நாளைக்கு ஒருமுறை குடிக்கிறீர்கள், ஒரு நாளில் எவ்வளவு, ஒரே நேரத்தில் 6 அளவோ அதற்கு மேலோ குடிப்பது எத்தனை முறை.

இங்கே 'ஒரு அளவு' என்பது 10 கிராம் ஆல்கஹால். நம்ம ஊர்க் கணக்கில் 30 மில்லி பிராந்தி அல்லது விஸ்கி. அப்படியானால் 180 மில்லி குவார்ட்டர் ஒன்றே 6 அளவு! "ஞாயித்துக்கிழமை மட்டும் ஒரு குவார்ட்டர்தான் சார்" என்பவருக்கு இந்த 3 கேள்விகளில் 12க்கு 7 மதிப்பெண் வந்துவிடும். ஆண்களுக்கு 4, பெண்களுக்கு 3 வந்தாலே அடுத்து விசாரிக்க வேண்டிய நிலை என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். தினமும் குடிப்பவர்தான் மாட்டுவார் என்று நினைத்திருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியம்.

மதிப்பெண் அதிகம் என்றால் திட்டு விழாது. ஐந்து, பத்து நிமிடம் உட்கார்ந்து பேசுவார்கள். நெற்றியில் தையலோடு இருப்பவர் காதில் அந்தப் பேச்சு மற்ற நாளைவிட நன்றாகவே ஏறும். குடிக்கு அடிமையானவர்களுக்கு இது போதாது; மனநலப் பிரிவில் தொடர் சிகிச்சை வேண்டும். அப்படிப்பட்டவர் பயந்துபோய் வீட்டிலேயே ஒரே நாளில் நிறுத்தவும் கூடாது. மேலே சொன்ன வலிப்பு வீட்டிலும் வரும்.

போலீஸ் பயம்? வண்டி ஓட்டியவர் ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கிறதா என்று சட்டப்படி பார்ப்பது வேறு நடைமுறை. இந்த 3 கேள்விகள் சிகிச்சைக்கானவை. மது வாடை அடித்தால் டாக்டர் அதை விபத்துப் பதிவேட்டில் எழுதுவது வழக்கம். நீங்கள் மறைப்பதால் அது மாறப்போவதில்லை. எல்லோர் முன்னும் சொல்லக் கூச்சமாக இருந்தால், நர்ஸ் அக்காவிடமோ டாக்டரிடமோ "தனியா ஒரு விஷயம் சொல்லணும்" என்று கேளுங்கள்.

என்ன குடித்தார், எவ்வளவு, கடைசியாக எத்தனை மணிக்கு, முன்பு குடியை நிறுத்தியபோது வலிப்பு வந்ததா: இந்த நாலும் தெரிந்தால் சொல்லிவிடுங்கள். பிறகு பேச, ஆலோசனை கேட்க: டெலி மனஸ் 14416 (24 மணி நேரமும்), மருத்துவ உதவிக்கு 104, போதை மீட்பு உதவிக்கு 14446. மூன்றையும் இப்போதே போனில் சேவ் செய்து வையுங்கள்.