எடி ராபின்சன்

எடி கே ராபின்சன் (பெப்ரவரி 13, 1919 - ஏப்ரல் 3, 2007) ஐக்கிய அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தைச் சேர்ந்த கல்லூரிக் காற்பந்துப் பயிற்சியாளர் ஆவார். இங்குக் காற்பந்து எனப்படுவது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தியும் எறிந்தும் ஆடப்படும் அமெரிக்கக் காற்பந்து ஆகும். கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட கிராம்பிளிங் கல்லூரியில் 1941 முதல் 1997 வரை இவர் பயிற்சியாளராக இருந்தார். போர்க்காலத்தில் கல்லூரிக்கு அணி இல்லாத இரண்டு ஆண்டுகள் நீங்கலாக 55 பருவங்களில் இவரது அணிகள் 408 வெற்றி, 165 தோல்வி, 15 சமநிலை கண்டன. இவர் ஓய்வு பெற்றபோது கல்லூரிக் காற்பந்தின் எந்தப் பிரிவிலும் இதைவிடக் கூடுதலாக வென்ற பயிற்சியாளர் இல்லை.

இளமைக்காலம்

ராபின்சன் லூசியானாவின் ஜாக்சன் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை பிறர் நிலத்தில் வாரத்திற்குப் பயிரிட்டவர். தாய் வீட்டுவேலை செய்தவர். பின்னர் குடும்பம் மாநிலத் தலைநகரான பாடன் ரூஜ் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கு மெக்கின்லி உயர்நிலைப் பள்ளியில் கல்வி கற்ற ராபின்சன், சிறுவயதிலேயே பயிற்சியாளராக வேண்டும் என விரும்பினார்.

லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் அதே நகரில் அமைந்திருந்தபோதும் அக்காலத்தில் கறுப்பின மாணவர்களுக்கு அங்கு இடமில்லை. ஆகவே ராபின்சன் அருகிலிருந்த லீலண்ட் கல்லூரியில் சேர்ந்து, அதன் அணியில் குவார்ட்டர்பேக்காக ஆடினார். தாக்கும் அணியை நடத்திப் பந்தை எறிபவரே குவார்ட்டர்பேக் எனப்படுவார். 1941 இல் பட்டம் பெற்ற இவர், கால்நடைத் தீவன ஆலை ஒன்றில் மணிக்கு 25 சதக் கூலிக்கு வேலை பார்த்தார். பின்னர் 1954 இல் அயோவா பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டமும் பெற்றார்.

கிராம்பிளிங்கில் தொடக்கம்

வடக்கு லூசியானாவில் இருந்த சிறிய ஆசிரியர் பயிற்சி நிறுவனம் ஒன்று 1941 இல் பயிற்சியாளரைத் தேடியது. அதன் தலைவர் ரால்ப் வால்டோ எமர்சன் ஜோன்ஸ், 22 வயதான ராபின்சனை மாதம் 63.75 டாலர் சம்பளத்தில் அமர்த்தினார். இந்நிறுவனம் 1946 இல் கிராம்பிளிங் கல்லூரி என்றும், 1974 இல் கிராம்பிளிங் மாநிலப் பல்கலைக்கழகம் என்றும் பெயர் மாற்றம் பெற்றது.

முதல் பருவத்தில் அணி மூன்று ஆட்டங்களில் வென்று ஐந்தில் தோற்றது. அடுத்த பருவத்தில் ஆடிய ஒன்பது ஆட்டங்களிலும் வென்றதுடன், எதிரணிகளுக்கு ஒரு புள்ளியும் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டாம் உலகப் போரினால் 1943, 1944 ஆம் ஆண்டுகளில் கல்லூரியில் அணி இல்லாமல் போகவே, ராபின்சன் உள்ளூர் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குப் பயிற்சி அளித்தார். பள்ளி அணி வீரர்களைத் தந்தை பருத்தி பறிக்க அழைத்துக்கொண்டபோது, ராபின்சன் அணி முழுவதையும் வயலுக்குக் கூட்டிச்சென்று பருத்தி பறித்துக் கொடுத்து அவர்களை மீட்டுவந்ததாகக் கூறப்படுகின்றது.

நிறப்பிரிவினைக் காலம்

ஆரம்ப ஆண்டுகளில் இவருக்குப் போதிய உதவியாளர்கள் இல்லை. ஆடுகளத்திற்குக் கோடிடுவது, வீரர்களின் காயங்களுக்குக் கட்டுப் போடுவது, ஆட்டத்தைப் பற்றிய செய்தியை எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்புவது ஆகிய பணிகளையும் இவரே செய்தார். தென்மாநிலங்களில் வழியோர உணவகங்கள் கறுப்பினத்தவருக்கு உணவு பரிமாறாததால், வெளியூர் ஆட்டங்களுக்குச் செல்லும்போது அணிக்கு வேண்டிய சான்ட்விச்சுகளையும் இவர் தயாரித்து எடுத்துச் சென்றார்.

காலையில் விடுதி அறைகள் தோறும் மணி அடித்து வீரர்களை எழுப்பி வகுப்பிற்கு அனுப்புவது இவரது வழக்கம். உடை, பேச்சு, உணவு மேசையில் நடந்துகொள்ளும் முறை ஆகியவற்றையும் பயிற்சியின் பகுதியாகவே கருதினார்.

தொழில்முறை ஆட்டத்தில் மாணவர்கள்

1949 இல் இவரது மாணவர் பால் "டேங்க்" யங்கர் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியில் சேர்ந்தார். கறுப்பினத்தவருக்கான கல்லூரி ஒன்றிலிருந்து தேசியக் காற்பந்துக் கூட்டமைப்பில் (என்.எஃப்.எல்) சேர்ந்த முதல் வீரர் இவரே. யங்கர் தவறினால் பிறருக்கும் நெடுங்காலம் வாய்ப்புக் கிடைக்காது என ராபின்சன் அவரிடம் கூறி அனுப்பினார். யங்கரைத் தொடர்ந்து இருநூற்றுக்கும் மேற்பட்ட கிராம்பிளிங் வீரர்கள் தொழில்முறை அணிகளுக்குச் சென்றனர். அவர்களுள் வில்லி டேவிஸ், பக் புக்கானன், வில்லி பிரவுன், சார்லி ஜாய்னர் ஆகியோர் தொழில்முறைக் காற்பந்தின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றவர்கள்.

எனினும் குவார்ட்டர்பேக் இடம் கறுப்பின வீரர்களுக்கு நீண்டகாலம் எட்டாததாகவே இருந்தது. அணியை வழிநடத்தும் அறிவாற்றல் அவர்களுக்கு இல்லை என்ற தப்பெண்ணத்தால், கல்லூரியில் அவ்விடத்தில் ஆடியவர்களைத் தொழில்முறை அணிகள் வேறு இடங்களுக்கு மாற்றிவந்தன. ராபின்சன் தம் மாணவர் ஜேம்ஸ் ஹாரிசைக் குவார்ட்டர்பேக்காகவே உருவாக்கினார். 1969 இல் ஹாரிஸ் பஃபலோ பில்ஸ் அணியின் பருவத் தொடக்க ஆட்டத்தில் அவ்விடத்தில் களமிறங்கினார். மற்றொரு மாணவரான டக் வில்லியம்ஸ், 1988 சனவரி 31 இல் நடந்த சூப்பர் போல் இறுதியாட்டத்தில் வாசிங்டன் அணியை நடத்தி 42-10 என டென்வர் அணியை வென்றார். அந்த இறுதியாட்டத்தைத் தொடங்கிய முதல் கறுப்பினக் குவார்ட்டர்பேக் இவரே. ஆட்டத்தின் மிகச்சிறந்த வீரர் விருதும் இவருக்கே கிடைத்தது.

சாதனை வெற்றிகள்

கிராம்பிளிங் அணி 1968 இல் நியூ யார்க்கின் யாங்கி அரங்கிலும், 1976 இல் டோக்கியோவிலும் ஆடியது. சதர்ன் பல்கலைக்கழகத்துடன் நியூ ஓர்லியன்சில் ஆண்டுதோறும் நடைபெறும் பேயூ கிளாசிக் ஆட்டம் 1974 இல் தொடங்கியது.

1985 அக்டோபர் 5 இல் டாலசில் பிரெய்ரி வியூ அணியை 27-7 என வென்றபோது ராபின்சனின் வெற்றிகள் 324 ஆயின. இதன்மூலம் அலபாமா பல்கலைக்கழகப் பயிற்சியாளராக இருந்த "பேர்" பிரையன்டின் 323 வெற்றிகளை இவர் கடந்தார். இருவரும் ஒரே காலத்தில், ஒரே தென்பகுதியில் பணியாற்றியவர்கள். ஆனால் பிரையன்டின் அலபாமா அணியில் 1971 வரை கறுப்பின வீரர் எவரும் களமிறங்கியதில்லை. இரு பயிற்சியாளர்களும் வெவ்வேறு உலகங்களில் வென்றனர். 1995 இல் ராபின்சன் 400 ஆவது வெற்றியைப் பெற்றார்.

ஒருங்கிணைப்பின் விளைவு

1960களின் பிற்பகுதி முதல் தென்மாநிலப் பெரும் பல்கலைக்கழகங்கள் கறுப்பின வீரர்களைச் சேர்க்கத் தொடங்கின. ராபின்சனின் மாணவர்கள் தொழில்முறை ஆட்டத்தில் மெய்ப்பித்த திறமையே இம்மாற்றத்திற்கான நியாயத்தை வலுப்படுத்தியது. ஆனால் முன்பு கிராம்பிளிங்கை நாடிவந்த சிறந்த இளைஞர்கள், பெரிய அரங்கும் தொலைக்காட்சி ஒளிபரப்பும் கொண்ட பல்கலைக்கழகங்களுக்குச் செல்லலாயினர். இவ்வாறு, நிறத்தடை நீங்கியதால் பயன்பெற்றவர்கள் இவரது மாணவர்களின் வழித்தோன்றல்கள். வலுவிழந்தது இவரது அணி.

இவரது கடைசி மூன்று பருவங்களிலும் தோல்விகளே மிகுந்திருந்தன. 1996 பருவத்தின் முடிவில் இவரை விலக்க முயற்சி நடந்தபோது பொதுமக்களிடம் எதிர்ப்பு எழுந்தது. மேலும் ஓர் ஆண்டு பணியாற்ற இவருக்கு வாய்ப்பு அளிக்கப்பட்டது. 1997 நவம்பரில் நடந்த பேயூ கிளாசிக் ஆட்டமே இவரது கடைசி ஆட்டம். அதில் கிராம்பிளிங் தோற்றது. அடுத்து இவரது இடத்திற்கு வந்தவர் டக் வில்லியம்ஸ்.

பிற்காலமும் நினைவுகளும்

ராபின்சன் 1997 இல் கல்லூரிக் காற்பந்துப் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார். ஓய்விற்குப் பின் ஆல்சைமர் நோயால் பாதிக்கப்பட்டு, 2007 இல் ரஸ்டன் நகரில் காலமானார். இவரது உடல் லூசியானா மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தில் மக்கள் அஞ்சலிக்காக வைக்கப்பட்டது. மனைவி டோரிசும் ராபின்சனும் 1941 இல் மணம் புரிந்தவர்கள். வாழ்நாளில் ஒரே பணி, ஒரே மனைவி என்பதைப் பெருமையாகக் குறிப்பிடுவது இவரது வழக்கம்.

இவரது 408 வெற்றிகளை 2003 இல் ஜான் காலியார்டியும், 2011 இல் ஜோ பட்டேர்னோவும் கடந்தனர். பட்டேர்னோவின் 111 வெற்றிகள் 2012 இல் நீக்கப்பட்டு 2015 இல் மீண்டும் சேர்க்கப்பட்டன. இடைப்பட்ட காலத்தில் முதற்பிரிவுச் சாதனை ராபின்சனின் பெயரிலேயே இருந்தது. கிராம்பிளிங்கின் ஆடரங்கு இவர் பெயரைத் தாங்கியுள்ளது. அதே ஊரில் இவரது நினைவு அருங்காட்சியகம் 2010 இல் திறக்கப்பட்டது.