வாசலில் ஒரு வானிலைக் கோலம்

விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டால் பால்வெட்டு இல்லை. அன்றைய கூலியும் போயிற்று. வானத்தின் கணக்கு நமக்கு வயிற்றின் கணக்கு அல்லவா?

இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் எல்லி ஹைவுட் என்ற பெண் விஞ்ஞானி, உலகம் சூடாகி வருவதை வண்ண நூலில் போர்வையாகவே பின்னிக் காட்டினார். அங்குள்ள எட் ஹாக்கின்ஸ் 2018-ஆம் ஆண்டில் ஆண்டுக்கு ஒரு கோடாகப் படம் வெளியிட்டார். குளிர்ந்த ஆண்டு நீலம். வெப்பமான ஆண்டு சிவப்பு. எண்ணும் இல்லை, எழுத்தும் இல்லை. 1850-இல் நீலமாகத் தொடங்குவது, நம் காலத்துக்கு வரவர இரத்தச் சிவப்பாகிறது. எழுத்தறியாத பாட்டிக்கும் விளங்கும்.

நிலக்கரியும் எண்ணெயும் எரிந்து பெருகும் கரியமில வாயு சூட்டைப் பிடித்து வைக்கிறது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலாக நீராவி தாங்கும்; பெய்தால் கொட்டித் தீர்க்கும். 2006 டிசம்பரிலும் 2007 சனவரியிலும் கோத்தா திங்கி மூழ்கியதே! (அந்த ஒரு வெள்ளத்துக்கு இதுவே காரணம் என்று நான் சொல்லவில்லை.)

நமக்குக் கம்பளி நூல் எதற்கு? கோலமாவு இருக்கிறது. தோட்டத்து மழைப் பதிவேட்டைப் பார்த்து என் மாணவர்கள் பள்ளி வாசலில் கோடு இட்டார்கள். மழை மிகுந்த ஆண்டுக்கு நீலம், குறைந்த ஆண்டுக்கு மஞ்சள். பத்துக் கோடு போதாது, முப்பதாவது வேண்டும் என்றேன். ஒரு சிறுமி கேட்டாள்: "சார், அடுத்த வருசத்துக்கு எந்த மாவு எடுத்து வைக்கட்டும்?"