நியதியும் பழியும்: ஆசீவக மறுப்பின் தருக்க எல்லை

முன்னுரை

திருக்குறளின் 38ஆம் அதிகாரம் ஊழின் வலிமையை உரைக்கிறது. 62ஆம் அதிகாரமோ அவ்வூழையும் வெல்லும் முயற்சியைப் போற்றுகிறது. இவை தம்முள் முரணுமா என்னும் வினா தமிழாய்வில் நெடுங்காலமாக எழுப்பப்படுவது. முயற்சிக்கு இடமே இல்லை எனத் துணிந்துரைத்த சமயம் ஆசீவகம். அதனைப் பிற சமயத்தார் மறுத்த முறையை ஆராய்ந்தால் இவ்வினாவின் தருக்க அமைப்புத் தெளிவாகும். அம்மறுப்பு எதனை நிறுவுகிறது, எதனை நிறுவவில்லை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

நியதிக் கொள்கை

ஆசீவகரின் மூலநூல்கள் இன்று கிடைக்கவில்லை. அவர்தம் கொள்கையைப் பெரிதும் பிற சமய நூல்கள் வழியாகவே அறிகிறோம். பாலி மொழியிலுள்ள சாமஞ்ஞபல சுத்தம் மற்கலி கோசாலரின் கொள்கையை எடுத்துரைக்கிறது. அதன்படி, உயிர்கள் மாசுறுதற்கும் தூய்மையுறுதற்கும் காரணம் இல்லை. முயற்சியால் ஆவது ஒன்றில்லை. 84 இலட்சம் மாகற்பங்கள் பிறவியில் உழன்ற பின்னரே அறிவுடையோரும் அறிவிலாரும் துன்பம் நீங்குவர். உருட்டிவிட்ட நூலுருண்டை நூல் தீருமளவும் ஓடுதல் இதற்கு உவமை. தமிழில் மணிமேகலையின் 27ஆம் காதை ஆசீவகர் கொள்கையைத் தொகுத்துரைக்கிறது. நீலகேசி அதனை மறுக்கத் தனிச் சருக்கமே வகுத்துள்ளது.

குயவனிடம் எழுப்பிய வினா

சமண ஆகமமான உவாசகதசாவின் 7ஆம் பகுதி, சத்தாலபுத்தன் என்னும் ஆசீவகக் குயவனுக்கும் மகாவீரருக்கும் நிகழ்ந்த உரையாடலைக் கூறுகிறது. பானைகள் முயற்சியால் ஆயினவா என மகாவீரர் வினவ, முயற்சியின்றியே ஆயின, யாவும் நியதி என்கிறான் அவன். அப்பானைகளை ஒருவன் திருடினாலோ உடைத்தாலோ என்செய்வாய் என்று வினவ, அவனை அடிப்பேன், கொல்லவும் செய்வேன் என்கிறான். யாவும் நியதியாயின் அவனைத் தண்டித்தற்கு நியாயம் யாது என்பதே மகாவீரர் எழுப்பும் தடை.

இத்தடை வலியது, ஆயினும் அதன் எல்லையை அறிதல் வேண்டும். உடைத்தது நியதி எனின், அடிப்பதும் நியதியே என ஆசீவகன் விடை கூறலாம். அவ்விடையில் முரண் இல்லை. முரண் எழுவது பழிகூறுமிடத்தில். பழித்தல் என்பது, 'அவன் அதனைச் செய்யாதிருந்திருக்கக் கூடும்' என்னும் கருத்தை உள்ளடக்கியது. எனவே, நியதிக் கொள்கை பொய் அல்லது பழித்தல் பொருளற்றது என்ற அளவே இவ்வாதத்தால் பெறப்படும். இரண்டனுள் எதனைக் கைவிடுவது என்பதை அது தானே முடிவு செய்வதில்லை. குயவன் பழித்தலைக் கைவிட இயலாதவனாதலின் கொள்கையைக் கைவிட்டான்.

மறுத்தோருக்கும் எழும் தடை

கேவல ஞானி முக்காலமும் உணர்பவர் என்பது சமணர் கொள்கை. நாளை நான் செய்வதை அவர் இன்றே அறிவாராயின், நான் வேறொன்று செய்ய இயலுமா? இதற்கு, அறிதல் வேறு, ஆக்குதல் வேறு என விடை கூறலாம். 'கேவலி அறிந்தது தவறாது நிகழும்' என்பதிலிருந்து 'அதனைச் செய்வோன் பிறிதொன்று செய்ய இயலாதவன்' என்பது பெறப்படாது. முன்னதில் தவறாமை அறிவுக்கும் நிகழ்ச்சிக்கும் உள்ள தொடர்பைப் பற்றியது. பின்னதில் அது செய்வோனைக் கட்டுப்படுத்துவது. எனினும், அவ்வறிவு செயலுக்கு முற்பட்டது. முன்னர் அமைந்துவிட்ட ஒன்றைப் பின்னர் மாற்றுதல் இயலாது. ஆகவே இவ்வேறுபாடு கேவலியின் அறிவே செயலுக்குக் காரணம் என்னும் குற்றத்தை நீக்குகிறதேயன்றி, ஐயத்தை முழுதும் தீர்க்கவில்லை.

முடிவுரை

நியதி, நிகழ்ந்ததற்கு விளக்கமாகலாம். இனிச் செய்வதைத் தெரிந்தெடுத்தற்குக் காரணமாகாது. யாவும் நியதி என நம்புவோனும் அடுத்த செயலைத் தானே எண்ணித் துணிய வேண்டியுள்ளது. குறளின் அவ்விரு அதிகாரங்களையும் இவ்வேறுபாட்டின் துணைகொண்டு நோக்கலாம். ஊழ் பற்றிய கூற்றுகள் வாழ்வில் வந்தடைந்த ஆக்கத்தையும் இழப்பையும் விளக்குவன. முயற்சி பற்றியவை செயலுக்கு ஏவுவன. விளக்கமும் ஏவலும் ஒன்றையொன்று மறுக்கும் கூற்றுகள் அல்ல.