நாட்டுரிமை மாறுங்கால் கூலிக் கணக்கு

நீலகிரித் தேயிலைத் தோட்டங்களைக் காணச் செல்வோர் பச்சைச் சரிவுகளையும் பனிமூட்டத்தையும் கண்டு மகிழ்ந்து மீள்கின்றனர். தோட்டத்து ஆபீசில் கிடக்கும் 'செக்ரோல்' என்னும் கூலிப் பதிவேட்டைக் காண்பார் அரியர். கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பக்கங்களில் வாழும், இலங்கையினின்று தாயகம் திரும்பியோரின் வரலாற்றில் அவ்வேட்டிற்குப் பெரும்பங்கு உண்டு. ஆதலின் அதனை ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றோம். ('தாயகம் திரும்பியோர்' என்பது சர்க்கார் இட்ட பெயர், அவருட் பலர் அதற்குமுன் இந்நாட்டைக் கண்டதேயில்லை.)

1964-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் சாஸ்திரியாரும் சிறிமாவோ அம்மையாரும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, 9,75,000 பேருள் 5,25,000 பேர் இந்தியாவிற்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் உரியராயினர். எஞ்சிய 1,50,000 பேர் 1974-இல் சரிபாதியாகப் பகுக்கப்பட்டனர். மக்களை இங்ஙனம் எண்ணிப் பகுத்தல் முறையோ என்பது வேறு வினா. தோட்டத்துக் கணக்கர்முன் நின்ற வினா யாதெனின், நேற்றுவரை நாடற்றிருந்த தொழிலாளி இன்று இந்தியப் பாஸ்போர்ட்டுப் பெற்றால் செக்ரோலில் எதனை மாற்றுவது என்பதே.

கூலி மாறாது, பறிக்கும் கொழுந்தும் மாறாது. மாறுவது முடிவுநாள். அத்தகையோர்க்குக் கட்டணமின்றி விசா வழங்குதல் வேண்டும் என்றும், உடன்படிக்கை நாளில் வேலையிலிருந்தோரை அவர் அனுப்பப்பெறும் நாள் வரையிலோ 55 வயது நிரம்பும் வரையிலோ, எது முந்துமோ அதுவரை, வேலையினின்று நீக்கலாகாது என்றும் அவ்வுடன்படிக்கை விதித்தது. எனவே, அதுகாறும் எல்லையின்றி ஓடிய பேருக்கு எதிரே ஒரு தேதி வந்தமர்ந்தது. அத்தேதிக்கு முன்னரே பேரை அடித்துவிட்டால், கப்பலேறும்வரை அக்குடும்பம் உண்பதெங்ஙனம்?

அடுத்தது சேமலாப நிதி. 1958-ஆம் ஆண்டு இலங்கைச் சட்டப்படி பிடித்த இத்தொகையை, நாட்டை விட்டு நிலையாக நீங்குவோர் வயது நிரம்புமுன்னும் பெறலாம். குடும்பமொன்று கொண்டுசெல்லத்தக்க உடைமையின் உச்சவரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே குறைத்தலாகாது என்பதும் உடன்படிக்கை விதியே.

இக்கரையில் அதே நிதிக்கு 'வருங்கால வைப்பு நிதி' என்று பெயர். பொருள் ஒன்றாயினும் ஏடு வேறு. 1968-இல் இவர்தம் மறுவாழ்வுக்கெனத் தொடங்கி, பின்னர்க் குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட 'டான்டீ' கழகமாகிய அரசுத் தோட்டங்களில் வேலையேற்றவர், முதல்நாள் தொழிலாளியாகவே பதியப்பெற்றனர். அக்கரையில் இருபதாண்டு கொழுந்தெடுத்தவரும் இங்கே பணிக்கொடைக்கு ஒன்றிலிருந்தே எண்ணவேண்டியவராயினர். சட்டம் பிழைபட்டதன்று, எனினும் அவ்வெண் நம் நெஞ்சை உறுத்துகின்றது.

இக்காலக் கணக்கர்க்கும் ஒரு குறிப்பு. 2008 அக்டோபரில் இந்திய வைப்பு நிதித் திட்டம் அயல்நாட்டுக் குடிகளைத் தனிவகையாக்கிற்று. நேப்பாள, பூட்டான் மக்கள் மட்டும் உடன்படிக்கை காரணமாக இந்தியரைப் போலவே கொள்ளப்பட்டனர். இங்கு நோக்குவது பாஸ்போர்ட்டு. வருமான வரியோ பாஸ்போர்ட்டை நோக்காது, ஓராண்டில் 182 நாள் இங்கிருந்தாரா என்று நாளை எண்ணுவதையே பொதுவிதியாகக் கொள்ளும். இரண்டையும் ஒன்றெனக் கொண்டு பிடித்தம் செய்பவர் பிழைபடுவர். இலங்கையிற் பிறந்தும் இந்தியப் பாஸ்போர்ட்டுடன் வந்தவரை அயலார் பத்தியில் எழுதுவதும் பிழையே.

1984-இல் தலைமன்னார்க் கப்பல் நின்றது. பாஸ்போர்ட்டுப் பெற்றும் வர இயலாது அங்கேயே தங்கியோர்க்கு, 2003-ஆம் ஆண்டுச் சட்டம் இலங்கைக் குடியுரிமை பெற வழிசெய்தது. அவர் பேருக்கு எதிரே எழுதிய முடிவுநாளை, அதன்பின், அடிக்கவேண்டியதாயிற்று.